சம்பத்தின் அச்சகமும் பி.டி.எஃப். கோப்பும்

1941இல் ஆர்.கே. நாராயண் மைசூரில் ‘இந்தியன் தாட்’ என்ற காலாண்டிதழைத் தொடங்கினார். அச்சிட்டுக் கொடுத்தவர் சிட்டி பவர் பிரஸ் செலுவ ஐயங்கார். இதழ் மூன்றோடு நின்றுபோனது, பெயர் பிழைத்துக்கொண்டது. போரால் லண்டன் பதிப்பாளர்களின் தொடர்பு அறுந்திருந்த நேரத்தில், 1942இல், அதே பெயரில் சொந்தப் பதிப்பகம் வைத்தார். 1943இல் ‘மால்குடி டேஸ்’ அப்படித்தான் வந்தது. 1956இல் அமெரிக்கா போய்வந்த அனுபவங்களை எழுதிய ‘மை டேட்லெஸ் டைரி’யும் 1960இல் மைசூரிலிருந்து அதே பதிப்பகத்தின் பெயரில்தான் வெளியானது. வெளிநாட்டில் பதிப்பாளர்கள் இருந்தும் கட்டுரை நூலைத் தாமே போட்டுக்கொண்டார். செலுவ ஐயங்காரோ 1949இல் ‘மிஸ்டர் சம்பத்’ நாவலின் அச்சக முதலாளியாகிவிட்டார். தன் நூலைத் தானே வெளியிடுகிறவனின் வாழ்வில் அச்சுக்காரர் அன்று எவ்வளவு பெரிய இடம் பிடித்திருந்தார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அன்று புத்தகம் பாரம் பாரமாக வளர்ந்தது. தாளின் ஒரு புறம் எட்டுப் பக்கம், மறுபுறம் எட்டுப் பக்கம். மடித்தால் 16 பக்கமும் வரிசையாக வரும்படி ஈய எழுத்துகளைக் கட்டி முடுக்குவார்கள். முதலில், பக்கம் பிரிக்காத நீளத் தாளில் காலி புரூஃப் வரும். திருத்திக் கொடுத்தால் பக்கம் கட்டிய புரூஃப் வரும். ஆசிரியர் ‘அச்சிடலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே இயந்திரம் ஓடும். சிறிய அச்சகங்களில் எழுத்து இருப்பு சில பாரங்களுக்குத்தான் காணும். ஓடி முடிந்ததும் எழுத்துகளைப் பிரித்து அறைகளில் போட்டு, அடுத்த பாரத்தைக் கோக்கத் தொடங்குவார்கள். பத்தாம் பாரம் படிக்கையில் இரண்டாம் பாரத்துப் பிழை கண்ணில் பட்டால் செய்வதற்கு ஒன்றுமில்லை. நூலின் கடைசியில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு பட்டியல் சேரும், அவ்வளவுதான்.

இன்று மைசூருவில் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வை நூலாக்க அச்சகத்தின் படியேற வேண்டியதில்லை. 2008இல் பெங்களூரில் தொடங்கிய போத்தி.காம், 2012இல் சென்னையில் தொடங்கிய நோஷன் பிரஸ், அமேசானின் சுயவெளியீட்டுத் தளமான கேடிபி என வழிகள் பல. கோப்பை ஏற்றினால் போதும். யாராவது கேட்கும்போது ஒரே ஒரு பிரதிகூட அச்சாகும். ஆனால் அச்சுக்கோப்பவர் கைப்பழக்கத்தில் செய்துவந்த கணக்கெல்லாம் இப்போது ஆசிரியரின் தலையில். கேடிபியின் கணக்குப்படி, வெளிர்மஞ்சள் தாளில் 240 பக்க நூலின் முதுகு 0.6 அங்குலம், ஏறக்குறைய 15 மில்லிமீட்டர். வெள்ளைத் தாளுக்கு மாற்றினால் 14க்கும் கீழே இறங்கிவிடும்; அட்டையைத் திரும்ப வரைய வேண்டும். தையல் பக்க ஓரம் 150 பக்கம் வரை 9.5 மி.மீ. போதும், அதைத் தாண்டினால் 12.7, 300ஐத் தாண்டினால் 15.9. இதைக் கவனிக்காத நூலில் வரிகளின் நுனி மடிப்புக்குள் போய்விடுகிறது. படிப்பவர் முதுகை உடைத்துத்தான் படிக்க வேண்டும்.

தமிழுக்கு இன்னொரு கவலை உண்டு. புள்ளி வைத்த எழுத்தில் வரி தொடங்கக் கூடாது என்பது பழைய கம்பாசிட்டர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாத விதி. இடைவெளியைக் கூட்டியோ குறைத்தோ அதைச் சரிக்கட்டிவிடுவார்கள். இன்றைய மென்பொருள் சொல்லை அதன் போக்கில் வெட்டுகிறது. ‘க்’கும் ‘ள்’ளும் வரியின் தலையில் வந்து நிற்கின்றன. இந்திய எழுத்துகளுக்கான அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் பக்கம் கட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுகிறது. எழுத்துருவைக் கோப்புக்குள் பொதியாமல் அனுப்பினால் சில இடங்களில் வெறும் கட்டங்கள் மிஞ்சும். பார்த்துச் சொல்ல நடுவில் ஆள் இல்லை.

எனக்குப் பெரிய இழப்பாகத் தெரிவது சொல்லடைவு. அன்று எல்லாப் பாரமும் பக்கம் கட்டி முடிந்த பிறகே பக்க எண் உறுதியாகும். அதன்பின் ஒருவர் சீட்டுச் சீட்டாக எழுதி, அகரவரிசையில் அடுக்கி அதை உருவாக்குவார். இன்று மென்பொருளில் சொற்களைக் குறித்துவைத்தால் பக்க எண் தானாகவே மாறிக்கொள்கிறது. வேலை சுலபமாகிவிட்டது, ஆனால் சொந்தமாக வெளியிடப்படும் வரலாற்று நூல்கள் பலவற்றில் சொல்லடைவே இல்லை. ஊர்ப்பெயர் ஒன்றைத் தேட முந்நூறு பக்கம் புரட்டும்படி விட்டுவிடும் கட்டுரை நூல் பாதி நூல்தான்.

விநியோகத்தில் பெற்றது அதிகம் என்பதை மனமார ஒப்புக்கொள்ள வேண்டும். முன்பு ஆயிரம் பிரதிக்கு முன்பணம் கட்டி, கடைகளில் கழிவு கொடுத்து வைத்து, விற்காததைக் கட்டுக்கட்டாக வீட்டில் அடுக்கினார்கள். இப்போது புது தில்லியின் ராஜா ராம்மோகன் ராய் முகமை ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கட்டணமின்றித் தருகிறது. அந்த எண்ணோடு நூல் இணையக் கடைகளில் ஏறுகிறது. பிழை தெரிந்தால் கோப்பை மாற்றலாம். அடுத்த பிரதி திருத்தத்தோடு வரும். மாறாத கடமையும் ஒன்று உண்டு: 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, தில்லி நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும். தாமே வெளியிடுபவர்களுக்கும் இது பொருந்தும்.

நூல் போடப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். விற்பனைக்குத் திறந்துவிடும் முன் ஒரே ஒரு பிரதியைத் தாளில் வரவழையுங்கள். கையில் பென்சிலோடு அதை முழுக்கப் படிக்க, உங்கள் எழுத்தோடு பழகாத ஒருவரிடம் கொடுங்கள். அவருக்குரிய கூலியையும் கொடுங்கள்.