நடக்க முடிகிறது, கடக்க முடியவில்லை

எம் பங்கில் நாள்தோறும் காலை ஆறு மணித் திருப்பலிக்குத் தவறாது வந்துகொண்டிருந்த மூதாட்டியார் ஒருவர், சென்ற தவக்காலத்திற்குப் பின் ஆலயத்தில் காணப்படவில்லை. உடல் நலிந்திருக்கக் கூடும் என எண்ணி, நற்கருணையோடு அவர் இல்லம் சென்றேன். அவரோ வாசலில் நின்று துணி உலர்த்திக்கொண்டிருந்தார்! "நடக்க முடியுது சாமி, ரோட்டைக் கடக்கத்தான் முடியல" என்றார். இரு நாள் தொடர்ந்து சாலையோரத்தில் நெடுநேரம் நின்று பார்த்தாராம். வண்டிகளின் வரிசை ஓயவில்லை. எதிரே ஆலயத்தில் முடிவு மணி அடித்ததும் வீடு திரும்பினாராம். மூன்றாம் நாள் முதல் புறப்படுவதையே விட்டுவிட்டார்.

சென்னைக்குத் தெற்கேயுள்ள புறநகர்களை அறிந்தவர்க்கு இது வியப்பாக இராது. 1931-ஆம் ஆண்டில் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியதிலிருந்து, அப்பாதையை ஒட்டியே ஊர்கள் பெருகின. ரயில் பாதையும் பெருஞ்சாலையும் அருகருகே செல்கின்றன. வீடு ஒருபுறம் என்றால் சந்தையும் பள்ளியும் கோவிலும் மறுபுறம். நெடுந்தொலைவு செல்வோருக்காகச் சாலை அகலமாயிற்று; அகலப்படுத்தும் ஒவ்வொரு முறையும், குறுக்கே செல்லும் உள்ளூர்க்காரனின் ஆபத்து சில அடிகள் நீண்டது. இதனை யாரும் தீய எண்ணத்தோடு செய்யவில்லை. ஆனால் நடப்பவனைப் பற்றி எண்ணாமலே செய்தனர் என்பதை எவ்வாறு மறுப்பது?

அம்மூதாட்டியாரின் வீடு தொட்டு ஆலயம் வரை ஒரு நாள் நானே நடந்தேன். இளைஞர் இருவர் அளவு நாடாவோடு உடன் வந்தனர். மொத்தம் 640 மீட்டர். பத்து நிமிட நடை. நடைபாதையில் இடையூறின்றி நடக்கும் இடம் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்றும், அதன் விளிம்பு சாலையிலிருந்து ஆறு அங்குலத்திற்கு மேல் உயரலாகாது என்றும் இந்தியச் சாலைப் பேராயம் 2012-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகளில் வகுத்துள்ளது. நாங்கள் அளந்த பாதையில் ஓரிடத்தில் விளிம்பு ஒன்றரை அடி. காரணம் எளிது: நடைபாதை என்று நாம் அழைப்பது மழைநீர் வடிகாலின் மூடிதான்! வடிகாலுக்கு ஏற்ற உயரத்தில் அது கட்டப்படுகிறது. மனிதரின் முழங்காலுக்கு ஏற்ற உயரத்தில் அன்று. மேலே ஏறினால் இருபது அடிக்குள் மின்மாற்றி குறுக்கிடுகிறது. அதைத் தாண்டினால் கடைக்காரரின் படி. பிறகு மூடி இல்லாத பள்ளம். இளைஞர் இருவரும் பாதி வழியிலேயே சாலையில் இறங்கிவிட்டனர். நடப்பவர்கள் நடைபாதையைப் பயன்படுத்துவதில்லை என்று குறை கூறுவோர் ஒரு முறை அதில் நடந்து பார்க்கட்டும்.

நடைபாதை வியாபாரிகளே எல்லாவற்றிற்கும் காரணம் என்பாரும் உளர். நான் அதனை ஏற்கவில்லை. எம் வழியில் பூ விற்கும் பெண்மணி அடைத்திருந்த இடம் இரண்டடி. அவருக்குப் பக்கத்தில் நின்ற கார் அடைத்த இடம் ஆறடி.

கடக்கும் இடத்திற்கு வருவோம். ஒரு பக்கத்து மூன்று தடங்களின் அகலம் 10.5 மீட்டர். சாலைப் பொறியாளர் நடப்பவரின் வேகத்தை நொடிக்கு 1.2 மீட்டர் என்று கணக்கிடுவது வழக்கம். அதன்படி ஒன்பது நொடி போதும். மூதாட்டியாரை நாங்கள் கைப்பிடித்து அழைத்துச் சென்றபோது பதினைந்து நொடி ஆயிற்று. அதன் பின் நடுத்தடுப்பில் நிற்க வேண்டும்; அங்கே ஒரு பாதம் வைக்கவே இடமில்லை. நடை மேம்பாலம் கட்டினால் ஆயிற்று என்பர் சிலர். முப்பது நாற்பது படிகளை ஏறி இறங்கும் முழங்கால் இருப்பவர்க்கு அது உதவும். மற்றப்படி, வண்டிகள் நிற்காமல் போக அது உதவும். வேண்டுவது வேறு: சாலை நடுவில் நான்கு பேர் அச்சமின்றி நிற்க ஒரு மேடை; நடைபாதையின் மட்டத்திற்கே உயர்த்திய கடவை; அதனை அணுகும்போது வண்டியின் வேகத்தைத் தணிக்கும் ஏற்பாடு. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநர், ஆளைக் கண்டு சுமார் 13 மீட்டருக்குள் வண்டியை நிறுத்திவிடலாம். ஐம்பது கிலோமீட்டரில் அதற்கு இரு மடங்கிற்கும் மேல் வேண்டும். உயிர் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டின் சாலைகளில் மாண்ட 1,68,491 பேருள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்குத் தொண்ணூறு பேர்.

சட்டத்தில் குறையில்லை. நடைபாதை பெறுவது வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 14 அன்று கூறியது. சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்க்கும் மிதிவண்டிக்கும் எனத் தனிக் கொள்கை வகுத்தது; 2019-இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதையும் அமைந்தது. கடைவீதியில் கைகூடியது பள்ளிக்கூடத் தெருவில் கைகூடாதா?

மிதிவண்டியின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்று, தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் அதில் ஏற்றிச் சென்றதை நாடே வியந்து பார்த்தது. அரசு பல ஆண்டுகளாக மேல்நிலை மாணவர்க்கு விலையில்லா மிதிவண்டி அளித்து வருகிறது. எம் பங்கின் வீடுகளைச் சந்திக்கச் செல்கையில் அவற்றைக் காண்கிறேன். மாடிப்படிக்கு அடியில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. "ரோட்டுல எப்படி சாமி விடுறது?" என்கின்றனர் பெற்றோர். அவர்களே உரிமம் பெறும் வயதாகாத மகனிடம் ஸ்கூட்டர் சாவியைக் கொடுப்பது எனக்கு விளங்காத புதிர். பெருஞ்சாலையில் சைக்கிளுக்குத் தனித் தடம் கிடைக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ரயில் நிலையத்தையும் பள்ளியையும் இணைக்கும் உட்தெருக்களில் வேகத்தைக் குறைத்து, நிலையத்தில் சைக்கிள் நிறுத்த நிழலுள்ள இடம் தந்தாலே பாதிப் பிள்ளைகள் மீண்டும் மிதிப்பர். (1949-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் பாப்பரசர், வட இத்தாலியின் கிசல்லோ மாதாவைச் சைக்கிள் ஓட்டுவோரின் பாதுகாவலியாக அறிவித்தார் என்பதைப் பெற்றோருக்குச் சொல்லி வைக்கிறேன்!)

இனிச் சொல்லப்போவது எனக்குத் தலைகுனிவு. அளந்துகொண்டே வந்த நாங்கள் ஆலய வாசலை அடைந்தோம். அங்கே நடைபாதை முற்றிலும் இல்லை! கார்கள் எளிதாக உள்ளே ஏற வேண்டும் என்று ஐந்து ஆண்டுகளுக்கு முன் நடைபாதையை உடைத்துச் சரிவு போட்டவர்கள் நாங்களே. சிமெண்டு காய்ந்ததும் தீர்த்தம் தெளித்து மந்திரித்தவனும் நானே. ஞாயிறுதோறும் எஞ்சிய இடத்தில் எம் மக்களின் வண்டிகள் நிற்கும். நடந்து வருவோர் நடுச்சாலையைச் சுற்றிக்கொண்டு ஆண்டவரின் இல்லத்திற்குள் நுழைவர். பிரான்சிஸ் பாப்பரசர் 2015-இல் சுற்றுச்சூழல் பற்றி விடுத்த சுற்றுமடலில், நகரின் அழகைக் கெடுக்கும் வண்டி நிறுத்தங்களைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அம்மடலைப் பற்றி நான் மூன்று ஞாயிறு மறையுரை ஆற்றியிருக்கிறேன். அப்பகுதி மட்டும் கண்ணில் படவில்லை.

பங்குப் பேரவையில் இதனை வைத்தபோது எதிர்ப்பு வந்தது. "காரில் வருகிறவர்கள்தாம் ஆலயத்திற்குக் கொடுக்கிறவர்கள்" என்றார் ஓர் உறுப்பினர். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்னர் மரியாயின் சேனையைச் சேர்ந்த ஒரு தாய், "நடந்து வர்றவங்களும் குடுக்குறாங்க சாமி. உண்டியல்ல போடுறதால பேரு தெரியறதில்ல" என்றார். அதற்கு மேல் விவாதம் நீளவில்லை. சரிவை இடித்தோம். இப்போது நடைபாதை வாசலின் குறுக்கே ஒரே மட்டமாகச் செல்கிறது. கார்தான் மெல்ல ஏறி இறங்க வேண்டும். வண்டிகள் பள்ளி மைதானத்தில் நிற்கின்றன. முதல் மாதம் முணுமுணுப்பு இருந்தது. இரு குடும்பங்கள் பக்கத்துப் பங்கிற்குப் போயின, ஒன்று திரும்பிவிட்டது.

சாலை எங்கள் கையில் இல்லை. நடுவில் மேடை வேண்டி உரியவர்களுக்கு மனு அளித்து ஏழு மாதங்கள் ஆகின்றன, மறுமொழி வரவில்லை. அதுவரை காலை ஐந்தே முக்காலுக்கு இரண்டு இளைஞரைச் சாலையில் நிறுத்துகிறேன் என்று மூதாட்டியாரிடம் கூறினேன். "எனக்கு ஒருத்திக்காகப் புள்ளைங்க எதுக்கு சாமி கஷ்டப்படணும்?" என்று மறுத்துவிட்டார். இப்போது அவர் ஞாயிறு மட்டும் பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

அவர் ஒருவர்தாமா என்று அறிய, மறுவாரம் ஒரு காலை வேளையில் அதே இடத்தில் அமர்ந்து எண்ணினோம். ஆறிலிருந்து ஏழு மணிக்குள் 317 பேர் அச்சாலையைக் குறுக்கே கடந்தனர். அவர்களுள் பள்ளிச் சீருடையில் 94 பிள்ளைகள். இரண்டாம் மனுவில் அவ்வெண்களையும் எழுதி, அளவுகளோடு ஒரு வரைபடமும் இணைத்து அனுப்பியிருக்கிறோம்.