ஆட்டோகேட், எல்டி, ரெவிட்... விற்பது ஒரே கம்பெனி: புது வசதி மட்டும் ஏன் எல்லாருக்கும் ஒரே நாளில் வருவதில்லை?

கோவளத்தில் ஒருவர் வீடு கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கேளம்பாக்கத்தில் உள்ள டிராஃப்ட்ஸ்மேன் பிளான் போடுவது ஆட்டோகேட் எல்டியில். சென்னையில் இருக்கும் ஆர்க்கிடெக்ட் பயன்படுத்துவது ரெவிட். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் இருப்பது முழு ஆட்டோகேட். மூன்றையும் விற்பது அமெரிக்காவின் ஆட்டோடெஸ்க் நிறுவனம்தான்.

ஆனால் இன்ஜினியரிடம் ஒரே கிளிக்கில் முடியும் வேலை, டிராஃப்ட்ஸ்மேனிடம் அரை நாள் இழுக்கும். "சார், நீங்க அனுப்புன லிஸ்ப் என் சிஸ்டத்துல ஓடலையே" என்பது எல்டி வைத்திருந்தவர்கள் பல வருஷம் சொன்ன புகார். ஒரே கம்பெனி சாஃப்ட்வேரில் ஏன் இந்த வித்தியாசம்? பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒரே வேலைக்கு எதற்கு இத்தனை சாஃப்ட்வேர்?

ஆட்டோகேட் முதலில் வெளிவந்தது 1982-ல். விலை குறைந்த, வசதிகள் குறைக்கப்பட்ட எல்டி 1993-ல் வந்தது. 1997-ல் சாஃப்ட்டெஸ்க் என்ற நிறுவனத்தை ஆட்டோடெஸ்க் வாங்கியது. அடுத்த வருஷமே கட்டிட வேலைக்கென 'ஆர்க்கிடெக்சுரல் டெஸ்க்டாப்' வந்தது. பிறகு அதுவே ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சர் ஆனது.

2002-ல் ரெவிட்டை உருவாக்கிய நிறுவனத்தை 13.3 கோடி டாலருக்கு வாங்கியது ஆட்டோடெஸ்க். இதனால் சுவர், கதவு, ஜன்னல் வரைய ஒரே கடையில் இரண்டு தனித்தனி சாஃப்ட்வேர் சேர்ந்துவிட்டது. இரண்டுக்கும் வாடிக்கையாளர்கள் இருந்ததால் எதையும் உடனே நிறுத்தவும் முடியவில்லை.

புது வசதி எப்படிப் பரவுகிறது?

வீட்டு உதாரணத்திலேயே பார்க்கலாம். ஆட்டோகேட் என்பது தரைத்தளம். ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சர் அதன் மேல் கட்டிய மாடி. கீழே புது ஒயரிங் போட்டால் மாடிக்கும் கரண்ட் போய்விடும். அதாவது ஆட்டோகேட்டில் வரும் பொதுவான வசதிகள் ஆர்க்கிடெக்சருக்கும் சேர்ந்தே வரும்.

எல்டி அதே தரைத்தளம்தான், ஆனால் சில அறைகளுக்குப் பூட்டு போட்டது. எந்தப் பூட்டை எப்போது திறப்பது என்பதில் தொழில்நுட்பத்தைவிட வியாபாரக் கணக்குதான் அதிகம். எல்லா அறையும் திறந்துவிட்டால் அதிக விலை கொடுத்து முழு ஆட்டோகேட்டை யார் வாங்குவார்கள்?

ரெவிட் பக்கத்து மனையில் தனி அஸ்திவாரம் போட்டுக் கட்டிய வீடு. ஆட்டோகேட்டில் வந்த வசதியை அப்படியே தூக்கி இங்கே வைக்க முடியாது. புதிதாகத்தான் எழுத வேண்டும்.

எல்டிக்கு 30 வருஷக் காத்திருப்பு

ஒரே மாதிரி வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யாமல், சின்ன புரோகிராம் எழுதி முடிக்க உதவுவது ஆட்டோலிஸ்ப். ஆட்டோகேட்டில் இது 1986-லேயே வந்துவிட்டது. எல்டிக்கு வந்தது 2023 மார்ச்சில் வெளியான 2024 பதிப்பில்தான். எல்டி பிறந்து 30 வருஷம் கழித்து!

ஆட்டோகேட் ஆர்க்கிடெக்சரின் கதை வேறு. 2018 மார்ச்சில், 2019 பதிப்பு வந்தபோது ஆர்க்கிடெக்சர், மெக்கானிக்கல், எலக்ட்ரிக்கல் உள்ளிட்ட ஏழு தனித்தனி சாஃப்ட்வேர்களையும் 'டூல்செட்' என்ற பெயரில் முழு ஆட்டோகேட் சந்தாவுக்குள்ளேயே கொடுத்தது நிறுவனம். எல்டி வைத்திருந்தவர்களுக்கு இது கிடைக்கவில்லை.

ரெவிட்டிலாவது எல்லாம் சரியா?

ரெவிட்டும் முதலில் ஆர்க்கிடெக்சர், ஸ்ட்ரக்சர், எம்இபி என்று மூன்றாகவே இருந்தது. 2013 பதிப்பில் மூன்றின் கருவிகளும் ஒன்றாக்கப்பட்டன.

அதோடு பிரச்சினை தீரவில்லை. 2020 ஜூலையில் பிரிட்டனின் பெரிய கட்டிடக்கலை நிறுவனங்கள் சேர்ந்து ஆட்டோடெஸ்க் தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ அனக்னோஸ்டுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதின. ஜஹா ஹதித் ஆர்க்கிடெக்ட்ஸும் அதில் ஒன்று. செலவு ஏறிக்கொண்டே போகிறது, ரெவிட்டில் அதற்கேற்ற முன்னேற்றம் இல்லை என்பதுதான் புகார். கட்டிடக்கலைக்கான வசதிகள் மற்ற பிரிவுகளின் வேகத்தில் வளரவில்லை என்பதை அனக்னோஸ்டும் ஒப்புக்கொண்டார்.

அதே 2020-ல் நார்வேயின் ஸ்பேஸ்மேக்கரை 24 கோடி டாலருக்கு வாங்கியது ஆட்டோடெஸ்க். 2023-ல் அதிலிருந்து 'ஃபார்மா' வந்தது. மனையில் வெயில் எப்படி விழும், காற்று எப்படி அடிக்கும் என்று ஆரம்பத்திலேயே பார்க்கும் வசதி இதில் உண்டு. கடற்காற்று அடிக்கும் கோவளம் மாதிரி ஊருக்கு இது உபயோகமான விஷயம். ஆனால் அது பழைய சாஃப்ட்வேருக்குள் வராமல், இணையத்தில் தனியாக வந்தது.

ஃபைல் கை மாறும்போது என்ன ஆகும்?

உண்மையான தலைவலி இங்கேதான். புது ரெவிட் பதிப்பில் சேமித்த ஃபைலை பழைய பதிப்பில் திறக்க முடியாது. பழைய பதிப்புக்கு மாற்றிச் சேமிக்கவும் வழியில்லை. ஆட்டோகேட்டில் அந்த அளவுக்குச் சிக்கல் இல்லை. 2018 முதல் 2025 பதிப்பு வரை ஒரே டிடபிள்யூஜி வடிவம்தான். அதைவிடப் பழைய வடிவத்திலும் சேமிக்கலாம்.

ஆர்க்கிடெக்சர் டூல்செட்டில் போட்ட சுவரும் கதவும் எல்டியில் கண்ணுக்குத் தெரியலாம். ஆனால் சுவராக, கதவாகத் திருத்த முடியாது.

பணம் கட்டும் முன் என்ன பார்க்கணும்?

* 2016-க்குப் பிறகு ஒருமுறை வாங்கி நிரந்தரமாக வைத்துக்கொள்ளும் புது லைசென்ஸ் கிடையாது, சந்தா மட்டும்தான். அதனால் ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் கணக்குப் போடுங்கள்.

* 2டி பிளான் மட்டும்தான் வேலை என்றால், லிஸ்ப் வந்துவிட்ட எல்டியே போதுமா என்று பாருங்கள். மேஸ்திரி கைக்குக் கடைசியில் போய்ச் சேர்வது 2டி வரைபடம்தான்.

* ரெவிட் என்றால், வேலையில் இருக்கும் எல்லாரும் ஒரே வருஷப் பதிப்பில் இருப்பதாக முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள்.

* விலை குறைந்த ரெவிட் எல்டியில், ஒரே மாடலில் பல பேர் சேர்ந்து வேலை செய்யும் வசதி இல்லை.

* ஆர்க்கிடெக்சர் டூல்செட் ஃபைலை அனுப்பும்போது 'எக்ஸ்போர்ட் டு ஆட்டோகேட்' செய்து அனுப்புங்கள்.

* மாணவர்களுக்கு ஒரு வருஷக் கல்வி லைசென்ஸ் இலவசம். தகுதி இருக்கும்வரை புதுப்பிக்கலாம். ஆனால் சம்பளத்துக்குச் செய்யும் வேலைக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.

'புது வசதி வந்தாச்சு' என்று அறிவிப்பு பார்த்தால், அது எந்த சாஃப்ட்வேருக்கு வந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் சந்தா கட்டுவதற்கு வரவில்லை என்றால், அடுத்த வருஷம் வரும் என்று நம்பிப் புதுப்பிக்க வேண்டாம். எல்டிக்காரர்கள் ஒரு லிஸ்ப்புக்காக 30 வருஷம் காத்திருந்தார்கள்.