மோட்டார் வண்டியின் குளிரும் வெம்மையும்: பழுதை ஆய்ந்தறியும் முறை

மோட்டார் வண்டியில் குளிர்காற்று வரவில்லையெனில், கேஸ் குறைந்துவிட்டது என்று உடனே முடிவு கட்டுவோர் பலர். கேஸ் நிரப்புவர், பழுது தீராது. கம்பிரசரை மாற்றுவர், அப்போதும் தீராது. இறுதியில் சிறு கதவொன்று சிக்கிக்கொண்டதே காரணம் எனத் தெரியவருவதும் உண்டு. ஆராயும் வரிசை தவறியதாலேயே பணம் வீணாகிறது.

குளிரும் வெம்மையும் பிறக்கும் இடங்கள் வெவ்வேறு. கம்பிரசர் குளிர்வாயுவை அழுத்துகிறது. வண்டியின் முன்புறமுள்ள கண்டென்சரில் அது வெப்பத்தை இழந்து நீர்மமாகிறது. பின்னர் முகப்புப் பலகைக்குப் பின்னுள்ள சுருளில் ஆவியாகி, காற்றின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. வெம்மைக்கோ எஞ்சினைச் சுற்றிவரும் சுடுநீரே மூலம். இவ்விரண்டையும் வேண்டிய அளவு கலப்பது ஒரு சிறு கதவு. முன்னாளில் அதனைக் கம்பியோ வெற்றிட விசையோ இயக்கியது. இந்நாளில் பெரும்பாலும் சிறு மின்மோட்டார் இயக்குகிறது.

ஆதலின் மூன்று வினாக்களை முறையே எழுப்புதல் வேண்டும்.

முதலாவது, காற்று வருகிறதா? அறவே வராவிடின் பியூசையும் விசிறி மோட்டாரையும் நோக்குக. மெலிந்து வரின் வடிகட்டி தூசியால் அடைபட்டிருக்கலாம். கையால் திருகும் வகையில், விசிறி உச்ச வேகத்தில் மட்டும் சுழலுமாயின் மின்தடையை ஐயுறலாம். உச்ச வேகத்தில் மட்டுமே மின்சாரம் அத்தடையின் வழிச் செல்லாது நேரே பாய்கிறது.

இரண்டாவது, குளிர் பிறக்கிறதா? எஞ்சினை நிறுத்தியவுடன், சுருளிலிருந்து கம்பிரசருக்குத் திரும்பும் பருத்த குழாயைத் தொட்டுப் பார்க்கலாம். அது குளிர்ந்து வியர்த்திருக்க, உள்ளே வந்த காற்று மட்டும் சூடாக இருந்ததெனில், குளிர் பிறந்திருக்கிறது, கதவே தடுத்திருக்கிறது. பலகைக்குப் பின் எழும் 'டக் டக்' ஒலியும் கதவு மோட்டாரின் பழுதைக் காட்டும். குழாய் குளிராவிடின் கம்பிரசர், அதன் மின்னிணைப்பு, கேஸ் ஆகியவற்றை ஆராய்க. வண்டி ஓடும்போது குளிர்ந்து, நிற்கும்போது குளிராவிடின் கண்டென்சர் விசிறியைப் பார்த்தல் வேண்டும். கேஸ் பெட்ரோலைப்போல் எரிந்து செலவாவதன்று. குறைந்ததெனில் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் நிரப்புவது ஓட்டைக்குடத்தில் நீர் வார்ப்பதாகும்.

மூன்றாவது, காற்று வேண்டிய இடத்திற்குச் செல்கிறதா? வெற்றிட விசையால் இயங்கும் வண்டிகள் பலவற்றில், அவ்விசை குன்றினால் காற்று முன்கண்ணாடிக்கே திரும்பும். பயணியின் சுகத்தினும் ஓட்டுநர் பாதையைக் காண்பதே முதன்மை எனக் கருதி அமைத்த ஏற்பாடு அது. மழையில் கண்ணாடியின் உட்புறம் மங்கும்போது, காற்றின் ஈரத்தை நீக்கிப் பார்வையைத் தெளிவாக்குவது குளிர்ச்சுருளே. ஆகவே இப்பழுது உயிரைப் பற்றியதுமாம்.

இவ்வளவும் எவரும் செய்யத்தக்க சோதனைகள். கேஸ் குழாயைத் திறப்பது மட்டும் பயின்றவர் பணி. பீறிடும் நீர்மம் கண்ணையும் தோலையும் உறையச்செய்யும். மேலும், பழைய வண்டிகளில் இருந்த ஆர்-12 வாயு ஓசோன் படலத்தைச் சிதைப்பது; 1987ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை கட்டுப்படுத்திய வாயுக்களுள் அதுவும் ஒன்று. பட்டறைக்குச் செல்பவர் இம்மூன்று வினாக்களுக்கும் விடை கண்டு சென்றால், தொழிலாளிக்கும் வேலை எளிதாகும்; தேவையற்ற செலவும் நீங்கும்.