ஒட்டாத சட்டியும் காரத் தண்ணீரும்

சென்ற விடுமுறைக்குக் காரக்கோணம் போயிருந்தேன். பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே என் தாயார் ஒரு சட்டியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்கள். "எய்யா, நீ ரசாயனந்தானே படிக்கே. இது என்னன்னு பாரு. எந்திரம் கழுவட்டும்னு வாங்கிப் போட்டிய. அது சட்டியையே தின்னுட்டு" என்றார்கள்.

பார்த்தேன். உள்ளே கறுப்புப் பூச்சுப் பூசிய நான்ஸ்டிக் சட்டி; வாங்கி ஆறு மாதங்கூட ஆகவில்லை. வெளிப்புறத்தில் இருந்த வெள்ளி மினுமினுப்பு போய், அடிப்பாகம் சுண்ணாம்பு பூத்த சுவர்போல வெளுத்திருந்தது. விரலால் தடவினால் சாம்பல்நிறப் பொடி ஒட்டியது. கைப்பிடியைப் பிடித்திருக்கும் ரிவெட்டுகளைச் சுற்றிலும், விளிம்பிலும், பூச்சு நகக்கண் அளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றது.

மன்றத் தோழர்களுக்கு எங்கள் வீட்டைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லவேண்டும். நாங்கள் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து காரக்கோணத்தில் தங்கிவிட்டவர்கள். அக்காள் மருத்துவமனையில் தாதியாகப் பணிபுரிகிறாள். அத்தான் வளைகுடா நாட்டில் இருக்கிறார். அம்மாவுக்கு இடுப்புவலி. இரவில் எல்லாரும் உண்டு எழுந்தபின் அரைமணி நேரம் தொட்டியடியில் குனிந்து நிற்க அவர்களால் முடியவில்லை என்றுதான், பாத்திரம் கழுவும் எந்திரம் வாங்க அத்தான் பணம் அனுப்பினார். எந்திரத்தோடு அதே மாதத்தில் வந்ததுதான் இந்தச் சட்டியும். சட்டி கெட்டதும் அம்மா எந்திரத்தையே நிறுத்திவிட்டார்கள். எல்லாப் பாத்திரத்தையும் பழையபடி குனிந்து நின்று கையாலேயே தேய்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆகவே கேள்வி ஒரு சட்டியின் விலையோடு நிற்கவில்லை. அம்மாவின் இடுப்பைப் பற்றியதாகவும் ஆகிவிட்டது.

அக்காளின் கவலை வேறு. "தம்பி, பயலுக்கு முட்டை பொரிச்சா அதுல கறுப்பாத் துணுக்கு ஒட்டியிருக்கு. வயித்துக்குள்ள போனா விஷமில்லையா?" என்று கேட்டாள். என் மருமகனுக்கு வயது நான்கு. அவனுக்கு முட்டைதான் உலகம்.

இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நம் விடுதி அறைகளில் ஒளித்து வைத்திருக்கும் சட்டிகளுக்கும் இது பயன்படும் என்பது என் நம்பிக்கை.

முதலில் அந்தப் பூச்சு என்ன பொருள்? அது 1938 ஏப்ரல் 6ஆம் நாள் தற்செயலாகப் பிறந்த பொருள். அமெரிக்காவில் டூபாண்ட் ஆய்வுக்கூடத்தில் ராய் பிளங்கெட் என்ற 27 வயது இரசாயனி, குளிர்பதனப் பெட்டிக்கு உதவும் வாயு ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று வாயு நிரப்பிய உருளையின் வாயைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. வாயு கசிந்துவிட்டதா என்றால், எடை குறையவில்லை. உருளையை அறுத்துப் பார்த்தார்கள். உள்ளே மெழுகுபோன்ற வெள்ளைப் பொடி! வாயுவின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்ட சங்கிலிகளாகிவிட்டிருந்தன. கார்பன் அணுக்கள் முதுகெலும்பாக நிற்க, அவற்றைச் சுற்றிப் புளோரின் அணுக்கள் கவசமாக மூடிக்கொண்ட சங்கிலி அது. கார்பனும் புளோரினும் கொள்ளும் பிணைப்பு கரிம இரசாயனத்தில் மிக வலிய பிணைப்புகளுள் ஒன்று. அந்தக் கவசத்தை அமிலம் தொடுவதில்லை, காரம் தொடுவதில்லை, எண்ணெய் தொடுவதில்லை, முட்டையும் தொடுவதில்லை. இதுவே டெஃப்லான்.

எதுவும் ஒட்டாத பொருளை அலுமினியத்தில் மட்டும் எப்படி ஒட்டவைத்தார்கள் என்று நீங்கள் கேட்கவேண்டும். நானும் கேட்டேன். 1954இல் மார்க் கிரெகுவார் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், தூண்டில் சாதனங்களுக்காக இதை அலுமினியத்தில் படியவைக்க வழி கண்டார். அதைச் சமையற் சட்டியில் பூசும்படி சொன்னவர் அவருடைய மனைவி கொலெத் என்பார்கள். (அடுக்களையில் நிற்பவர்களைக் கேட்டுத்தான் அடுக்களைப் பொருள்களைச் செய்யவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.) அலுமினியத்தை அமிலத்தால் அரித்தால் அதன் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகளும் பொந்துகளும் உண்டாகும். பூச்சு அந்தப் பொந்துகளுக்குள் இறங்கிக் கவ்விக்கொள்ளும். பாறைப் பிளவில் ஆலமரத்தின் வேர் பிடிப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். அது பசைபோட்டு ஒட்டிய ஒட்டன்று, வெறும் பிடிமானம். பிடிக்க அடியில் அலுமினியம் இருக்கும்வரைதான் பூச்சும் இருக்கும். இந்த ஒரு செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டுச் சட்டியின் கதை முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

இனி எந்திரம். பாத்திரம் கழுவும் எந்திரத்துக்கு 1886இலேயே அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் ஜோசபின் காக்ரேன் என்ற பெண்மணி. நாம் கழுவும்போது கை செய்கிற வேலை தேய்ப்பது. எந்திரத்தில் தேய்க்கக் கை இல்லை. தெறிக்கும் தண்ணீர் மட்டுமே உண்டு. கை செய்யாத வேலையை வெப்பமும் மருந்தும் செய்தாகவேண்டும். ஆகவே தண்ணீரை 60, 70 பாகைவரை சூடாக்குகிறார்கள். உள்ளே இடும் பொடியையும் கடுங்காரமாகச் செய்கிறார்கள். கையே படாத தண்ணீரில் காரம் எவ்வளவு இருந்தாலென்ன என்பது செய்தவர்களின் கணக்கு. சோடியம் கார்பனேட்டு, சோடியம் பெர்கார்பனேட்டு, சிலிக்கேட்டு, மாவையும் புரதத்தையும் அறுக்கும் நொதிகள் ஆகியவையே அந்தப் பொடியில் பெரும்பாலும் இருப்பவை.

சோடியம் கார்பனேட்டு நமக்குப் புதிய உறவன்று. நம் பாட்டிமார் தேங்காய் நாரில் சாம்பலைத் தொட்டுத் தேய்த்தார்களே, அந்தச் சாம்பலில் இருந்தது பொட்டாசியம் கார்பனேட்டு. இதன் அண்ணன் மகன். வெண்கலமும் பித்தளையும் சாம்பலில் பளிச்சென்று வெளிவந்தன. அதே சாம்பலால் அலுமினியக் குண்டானைத் தேய்த்த வீடுகளில் அது மங்கிக் கறுத்துப்போனதும் உங்களுக்கு நினைவிருக்கும். பள்ளியில் கண்ட சோதனையையும் நினைத்துப் பாருங்கள்: அலுமினியத் துண்டைக் காரத்தில் இட்டால் குமிழி குமிழியாக ஹைட்ரஜன் எழும். அலுமினியத்தை அன்றாடம் காப்பது அதன்மேல் தானாகப் படிந்திருக்கும் மெல்லிய ஆக்சைடுத் தோல். அந்தத் தோல் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். தோல் போனபின் உள்ளிருக்கும் உலோகத்தின் கதியைச் சொல்லவேண்டுமா? (காரக்கோணத்துக்காரன் காரத்தைப் பற்றி எழுதுவது பொருத்தந்தான் என்று விடுதி நண்பர் ஒருவர் கேலி செய்தார். ஊரின் பெயர்க்காரணத்தை நான் ஆராயவில்லை.)

பொடியில் சிலிக்கேட்டைச் சேர்ப்பதற்கு ஒரு காரணம் இந்த அரிப்பைத் தணிப்பது. ஆனால் அது முழுவதும் தடுத்துவிடுவதில்லை. ஒரு பழைய அலுமினிய மூடியைக் கொண்டு வீட்டிலேயே சோதித்தேன். பாதி மூடியை எந்திரப் பொடி கரைத்த சுடுநீரிலும், மறுபாதியைக் கையால் கழுவும் சோப்புத் திரவம் கலந்த நீரிலும் ஓர் இரவு ஊறவைத்தேன். காலையில் பொடிநீரில் கிடந்த பாதி மங்கிச் சாம்பல் பூத்திருந்தது. மற்றது அப்படியே இருந்தது. அம்மா இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். நான் பேசிய அரைமணிப் பேச்சைவிட அந்த மூடிதான் அவர்களை நம்பவைத்தது.

ஆகவே எந்திரம் தின்றது பூச்சையன்று. பூச்சு பிடித்திருந்த மண்ணை. மூடப்படாத அடிப்பாகத்தில் காரம் நேராகவே வேலை செய்தது, அதுதான் வெண்பொடி. விளிம்பிலும், ரிவெட்டைச் சுற்றியும், கீறல் விழுந்த இடத்திலும் பக்கவாட்டாக உள்ளே நுழைந்து அடியிலிருந்த அலுமினியத்தைக் கரைத்தது. வேருக்குப் பாறை இல்லாமற்போகவே பூச்சு தூக்கிக்கொண்டது. 'ஆனடைசு' செய்த கறுப்பு அலுமினியச் சட்டி தப்பும் என்று எண்ணவேண்டாம். அது அதே ஆக்சைடுத் தோலை மின்சாரத்தால் தடிமனாக்கியது. நாளடைவில் அதுவும் வெளுக்கும். 'செராமிக்' என்று விற்கும் வெள்ளைப் பூச்சு சிலிக்கா இனத்தது. சூட்டை அது டெஃப்லானைவிட நன்கு தாங்கும்; ஆனால் ஒட்டாத்தன்மையை விரைவில் இழந்துவிடும், காரம் அந்த இழப்பை இன்னும் விரைவுபடுத்தும்.

இப்போது அக்காளின் கேள்வி. வயிற்றுக்குள் போன துணுக்கு என்ன செய்யும்? அமிலமும் காரமும் தொடாத பொருளை நம் குடல் என்ன செய்துவிட முடியும்? அது போனபடியே வெளியே வந்துவிடும். விழுங்கிய துணுக்குக்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் துணுக்கு உதிரும் சட்டி தன் காலத்தை முடித்துக்கொண்ட சட்டி. அதை மாற்றிவிடுவதே நல்லது.

பயப்படவேண்டியது வேறொன்று: வெறும் சட்டியை அடுப்பில் ஏற்றி மறந்துபோவது. ஏறத்தாழ 260 பாகை சென்டிகிரேடுக்கு மேலே இந்தப் பூச்சு கெடத் தொடங்குகிறது. 350ஐ ஒட்டி நன்றாகவே சிதைந்து நச்சுப்புகை விடுகிறது. அந்தப் புகையை நுகர்ந்தவர்களுக்குச் சளிக்காய்ச்சல் போன்ற காய்ச்சல் கண்டதுண்டு. கூண்டுப் பறவைகள் அதில் செத்தே போகும். எரிவாயு அடுப்பில் முழுச் சுடரில் வெறும் சட்டி அந்தச் சூட்டைச் சில நிமிடங்களில் எட்டிவிடும். வெப்பமானி இல்லாத அடுக்களையில் எண்ணெய்தான் வெப்பமானி. செக்கில் ஆட்டிய தேங்காயெண்ணெய் 200 பாகையை எட்டுமுன்பே புகையத் தொடங்கும். எனவே ஒரு சொட்டு எண்ணெய் விட்டபின் அடுப்பை மூட்டுங்கள். புகை கண்டால் தணியுங்கள்.

இதில் நம்மவர்க்குப் புதுமை ஒன்றுமில்லை. ரசம் வைக்கும் ஈயச்செம்பை நினைத்துப் பாருங்கள். வெள்ளீயம் உருகுவது 232 பாகையில். புளித்தண்ணீர் உள்ளே இருக்கும்வரை செம்பு 100 பாகையைத் தாண்டாது. வெறுஞ்செம்பை அடுப்பில் வைத்தால் செம்பே உருகி ஓடிவிடும். 'செம்பில் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுப்பை மூட்டு' என்று மருமகள்களுக்குச் சொல்லிக்கொடுத்த வீடுகளுக்கு நான்ஸ்டிக் சட்டியின் இலக்கணத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

கடையில் 'பி.எஃப்.ஓ.ஏ. இல்லாதது' என்று சீட்டு ஒட்டியிருப்பார்கள். அது பூச்சின் பெயரன்று. பூச்சுப் பொருளை ஆலையில் செய்யும்போது துணைக்கு வைத்துக்கொண்ட ஒரு வேதிப்பொருள். சட்டியை உயர்ந்த சூட்டில் வேகவைக்கும்போது அதில் மிகச் சிறிதளவே எஞ்சும். துன்பப்பட்டவர்கள் சட்டியில் சமைத்தவர்களைவிட ஆலையின் அண்டைவாசிகள்தான். அமெரிக்காவில் மேற்கு வெர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் ஊரில், டூபாண்ட் ஆலையின் கழிவு குடிநீரில் கலந்தது. ராபர்ட் பிலட் என்ற வழக்கறிஞர் பல ஆண்டு போராடினார். 2017இல் 67 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு தர ஆலைத் தரப்பினர் உடன்பட்டனர். 2019இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை அந்தப் பொருளை ஒழிக்கவேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. 2023இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று வகைப்படுத்தியது. ஆகவே சீட்டு இருப்பது நல்லதுதான். ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த வேறு பொருள் அந்த இடத்துக்கு வரவில்லை என்று அந்தச் சீட்டு உறுதி சொல்லவில்லை.

சட்டி வாங்கப்போகிறவர்கள் சீட்டைப் படித்து முடித்ததும் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். எந்திரத்தில் போடலாம் என்று எழுதியிருந்தாலும், அடியில் வெறும் அலுமினியம் தெரிந்தால் எந்திர வீட்டுக்கு அது ஆகாது. வெளிப்புறம் எவர்சில்வரால் ஆனதோ, உள்ளும் புறமும் விளிம்பும் முழுதாகப் பூச்சுப் பெற்றதோ கிடைத்தால் சற்று நீடித்து உழைக்கும். கையில் எடுத்தால் கனக்கவேண்டும். மெல்லிய சட்டி ஓரிடத்தில் மட்டும் கொதித்து வளைந்துபோகும். விலைகூடிய பெரிய சட்டி ஒன்றைவிட, முட்டைக்கு என்று சிறிய சட்டி ஒன்று போதும். எப்படியும் சில ஆண்டுகளில் மாற்றவேண்டிய பொருள்தான் அது.

கையாளும் முறை எளியது. சூடு ஆறும்வரை தண்ணீரில் இடாதீர்கள். திடீர்க் குளிர்ச்சியில் உலோகமும் பூச்சும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. கம்பி நார் வேண்டாம், துணியே போதும். சட்டுவமும் இரும்பாக இருக்கக்கூடாது. எங்கள் ஊரில் நாங்கள் சட்டுவம் என்கிறோம். அடுத்த வீட்டு மலையாளத்துச் சேச்சி சட்டுகம் என்கிறார். 1956 நவம்பர் முதல்நாள் எல்லை வகுத்தபோது விளவங்கோடு அந்தப் பக்கமும் நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமும் நின்றன. அடுக்களைச் சொற்களின் நடுவே கோடு கிழிக்க யாராலும் முடியவில்லை. இரண்டு வீட்டிலும் சிரட்டை அகப்பை உண்டு. நான்ஸ்டிக் சட்டிக்கு அதைவிட இதமான கரண்டி எந்தக் கடையிலும் இல்லை.

அம்மாவின் இரும்புத் தோசைக்கல்லும் எந்திரத்துக்குள் போகக்கூடாது. பல ஆண்டு எண்ணெய் சூட்டில் இறுகிப் பிளாஸ்டிக்போல் படிந்த படலந்தான் அந்தக் கல்லின் ஒட்டாத்தன்மை. காரம் அதைச் சோப்பாக்கிக் கரைத்துவிடும். மறுநாள் துருதான் மிஞ்சும். எங்கள் வீட்டில் இப்போது எவர்சில்வரும் கண்ணாடியும் பீங்கானும் எந்திரத்துக்குப் போகின்றன. இரவில் தொட்டியில் விழும் பாத்திரத்தில் பெரும்பகுதி அவைதாம். தோசைக்கல்லை அம்மா துணியால் துடைத்து வைக்கிறார்கள். புதிதாக வாங்கிய சிறிய முட்டைச் சட்டி மட்டும் கைக்கழுவல். முட்டை தின்கிறவன்தான் சட்டியையும் கழுவவேண்டும் என்று அக்காள் சட்டம் போட்டிருக்கிறாள். மருமகன் நாற்காலிமேல் ஏறி நின்று கழுவுகிறான், தரையெல்லாம் தண்ணீர். எந்திரம் மறுபடி ஓடுகிறது.