காட்டைத் தவிர்த்த கம்பி எங்கே போகிறது?

சத்தீஸ்கர் மாநிலம் ராய்கரில் புறப்பட்டு, சுமார் 1,765 கிலோமீட்டர் ஓடி வந்து நம் புகளூரில் முடிகிறது ஒரு மின்தடம். 800 கிலோவோல்ட் நேர்மின்சாரம். 6,000 மெகாவாட் சுமக்கும் திறன். புகளூரிலிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு 320 கிலோவோல்ட்டில் இன்னொரு தடம், 2,000 மெகாவாட்டுக்கு. இரண்டும் ஒன்றிய அரசின் பவர்கிரிட் நிறுவனத்துடையவை. திருச்சூர் தடத்தைப் பிரதமர் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டில் முழுக்கக் கோபுரங்களின் மேலேயே செல்லும் அந்தத் தடம், பாலக்காடு மாவட்டத்துக்குள் போன பிறகு மண்ணில் இறங்கி, கடைசி முப்பது கிலோமீட்டர் அளவுக்குப் புதைவடமாகிவிடுகிறது.

அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? உயர்மின் கோபுரங்களை எதிர்த்து 2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் போராடியபோது எழுந்த கேள்வி இது.

தொழில்நுட்பம் பாதி பதிலைத்தான் தருகிறது. நம் வீட்டுக்கு வரும் மாறுமின்சாரத்தை நீண்ட தூரம் புதைவடத்தில் அனுப்பினால், கேபிளை மின்னேற்றிக்கொண்டே இருப்பதற்குக் கணிசமான மின்னோட்டம் போய்விடும். 400 கிலோவோல்ட்டில் சில பத்து கிலோமீட்டருக்கு மேல் போனால், இடையிடையே அதைச் சரிக்கட்டும் கருவிகளும் வேண்டும். நேர்மின்சாரத்துக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால்தான் திருச்சூர் தடம் மண்ணுக்குள் போக முடிந்தது. ஆனால் புதைவடத்தின் செலவு கோபுரத் தடத்தைப் போலப் பல மடங்கு. வீடுகள் நெருங்கிக் கிடக்கும் கேரளத்தில் கோபுரம் நட இடமில்லை என்பதால் அந்தச் செலவை ஏற்றார்கள். இங்கே வயல் இருந்தது.

ராஜஸ்தானிலும் இதே வழக்குதான், கானமயிலின் பெயரில். கம்பியில் மோதிச் சாகும் அந்தப் பறவையைக் காப்பாற்ற, அதன் வாழிடங்களில் தடங்களை மண்ணுக்கடியில் கொண்டுபோகச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் உத்தரவிட்டது. நடைமுறையில் சாத்தியமில்லை என்று ஒன்றிய அரசு வாதிட்டதும், 2024 மார்ச்சில் உத்தரவைத் தளர்த்தி நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது.

பவர்கிரிட்டிடம் சுற்றுச்சூழல் கொள்கை இல்லாமல் இல்லை. 1998இலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தவிர்த்தல், குறைத்தல், ஈடுசெய்தல் என்பது அதன் வரிசை. ஒரு தடத்துக்குக் குறைந்தது மூன்று மாற்று வழிகளை வரைபடத்தில் போட்டுப் பார்த்து, காடு, சரணாலயம், குடியிருப்பு ஆகியவற்றை முடிந்தவரை ஒதுக்கிவிட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவற்றையெல்லாம் ஒதுக்கிய பிறகு வரைபடத்தில் மிச்சமிருப்பது என்ன? பட்டா நிலம். காட்டுக்குள் போனால் 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டப்படி ஒன்றிய அரசின் ஒப்புதல் வேண்டும், ஈடாக மரம் நட வேண்டும், பணம் கட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும். வயலுக்குள் போக இவை எதுவும் வேண்டாம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் மின்தடங்களே இல்லை; ஆகவே மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் கட்டாயமில்லை. காட்டுக்கு ஒரு விலையும் வயலுக்கு வேறொரு விலையுமாக வைத்தால் கம்பி மலிவான பக்கம்தான் சாயும். நிறுவனத்தை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. கணக்கைப் போட்டது சட்டம்.

அந்த வயலில் என்ன நடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 400 கிலோவோல்ட் இரட்டைச் சுற்றுத் தடத்துக்கு 46 மீட்டர் அகலம், 800 கிலோவோல்ட் நேர்மின் தடத்துக்கு 69 மீட்டர். நிலம் விவசாயி பெயரிலேயே இருக்கும். மஞ்சளோ கடலையோ போடலாம். தென்னை கூடாது, கட்டடம் கூடாது. கோபுரத்தின் நான்கு கால்களுக்கு நடுவே டிராக்டர் திரும்பாது. அந்தச் சதுரத்தில் கோரையும் பார்த்தீனியமும் மண்டிக் கிடக்கும். தென்னந்தோப்பை நம்பி இருபது வருஷக் கணக்குப் போட்டவருக்கு, தோப்பின் குறுக்கே ஒரு வெட்டு விழுந்தால் அது சுற்றுச்சூழல் பாதிப்பு இல்லாமல் வேறென்ன?

நேர்மின் தடத்தில் ஒரு நல்லதும் உண்டு. இதே 6,000 மெகாவாட்டை மாறுமின்சாரத்தில் கொண்டுவர ஒன்றுக்கு மேற்பட்ட தடங்கள் தேவைப்பட்டிருக்கும். அத்தனை அகலம் நிலமும் போயிருக்கும். மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கினால் கம்பியில் வெப்பமாகப் போகும் இழப்பு நான்கில் ஒரு பங்காகிறது. அந்த அளவுக்கு நிலக்கரி மிச்சம்.

துணை மின்நிலையத்துக்குள் கவலைகள் வேறு. பெரிய மின்மாற்றி ஒன்றில் பல்லாயிரம் லிட்டர் எண்ணெய் இருக்கும். அதன் அடியில் ஜல்லி நிரப்பிய குழி ஒன்று உண்டு. மின்மாற்றி வெடித்தால் எண்ணெய் ஜல்லிக்குள் இறங்கித் தீ அணையவும், பக்கத்துக் கிணற்றுக்குப் போகாமல் தனித் தொட்டியில் சேரவும்தான் இந்த ஏற்பாடு. பழைய மின்மாற்றிகளில் இருந்த பிசிபி என்ற நச்சுப்பொருளை 2025 டிசம்பர் 31க்குள் முற்றாக ஒழிக்கச் சொன்னது 2016ஆம் ஆண்டு அரசாணை.

இன்னொன்று, கருவிகளுக்குள் மின்காப்பாக அடைக்கப்படும் எஸ்எஃப்6 வாயு. இது இருந்தால் துணை மின்நிலையத்துக்கு வழக்கமான இடத்தில் சிறு பங்கே போதும். நகரத்துக்குள் நிலம் மிச்சம். ஆனால் கசிந்தால், ஒரு கிலோ சுமார் 23,500 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். நிலத்தைக் காப்பாற்றப் போய் வானத்தைக் கெடுக்கும் பேரம் இது. ஐரோப்பிய ஒன்றியம் 24 கிலோவோல்ட் வரையிலான புதிய கருவிகளில் இவ்வாயுவுக்கு 2026 ஜனவரி முதல் தடை விதித்திருக்கிறது.

இழப்பீட்டில் மட்டும் கொஞ்சம் அசைவு தெரிகிறது. கோபுர அடி நிலத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதம், கம்பித் தடத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதம் என்று 2015இல் இருந்ததை, ஒன்றிய மின்சக்தி அமைச்சகம் 2024 ஜூனில் 200, 30 என உயர்த்தியது. மாநிலத் தடங்களுக்கு இதைப் பின்பற்றுவது அந்தந்த மாநில அரசின் கையில்.

உங்கள் நிலத்தில் அளவைக் கல் நடப்பட்டால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மின்தடங்களுக்கும் பொருந்தும் 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி, தடத்தை மறித்தால் ஆட்சியர் நிறுவனத்துக்கு அனுமதி கொடுத்துவிடலாம். ஆனால் இழப்பீடு போதாது என்றால் அதே பிரிவின்படி மாவட்ட நீதிபதியிடம் முறையிடலாம்.