மகள் படிப்புக்கு சேர்த்த பணம் மிச்சமா? அம்மாவும் 10-ம் வகுப்பு எழுதலாம்!

சென்னை:
பொண்ணு காலேஜ் முடிச்சிட்டா. அவ படிப்புக்குன்னு மாசாமாசம் கட்டின ஆர்.டி. பணத்துல கொஞ்சம் மிச்சம் இருக்கு. அதை என்ன பண்றது?

பல வீடுகளில் எழும் கேள்வி இது. "பிரிட்ஜ் மாத்தலாம்" என்பார் அப்பா. "அரை பவுன் எடுத்து வைக்கலாம்" என்பார் பாட்டி. "நான் எட்டாவதோட விட்ட படிப்பை முடிக்கட்டுமா?" என்று அம்மா கேட்டால் மட்டும் வீடே சிரிக்கும். "இந்த வயசுல உனக்கு எதுக்குடி பரீட்சை?" என்று கேள்வி வரும்.

பரீட்சை எழுத வயது தடை இல்லை. வழியும் இருக்கிறது. ஆனால் பணத்தை எடுப்பதற்கு முன்பு சில விஷயங்களை தெரிந்து கொள்வது நல்லது.

மிச்சம் எப்படி வருகிறது?

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி சேர்க்கும் குடும்பத்தில் மிச்சம் ஏது என்று கேட்கலாம். அரசு பள்ளி மாணவர்களுக்கு என்ஜினீயரிங் போன்ற தொழிற்கல்வி படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு தரும் சட்டம் 2021-ல் வந்தது. அதில் இடம் கிடைத்தவர்களின் கல்வி கட்டணத்தையும், விடுதி கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று அப்போது அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில், அரசு பள்ளியில் படித்து கல்லூரி சென்ற மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்கப்பட்டது. முதல் பட்டதாரி சலுகையும் உண்டு. இதனால் பீஸ் கட்ட என்று ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதி சில வீடுகளில் செலவாகாமல் நின்றது.

முதலில், பணம் யாருடையது?

மிச்சம் என்று நினைக்கும் எல்லா பணமும் பெற்றோர் பணம் அல்ல.

செல்வமகள் சேமிப்பு திட்டம்: 2015 ஜனவரியில் தொடங்கப்பட்டது. 10 வயதுக்கு உட்பட்ட பெண் குழந்தை பெயரில் கணக்கு திறக்க வேண்டும். 15 ஆண்டு கட்டினால், கணக்கு திறந்த நாளில் இருந்து 21 ஆண்டில் முதிர்வு. மகளுக்கு 18 வயது ஆனாலோ, 10-ம் வகுப்பு முடித்தாலோ, முந்தைய நிதி ஆண்டு இறுதியில் இருந்த இருப்பில் பாதி வரை படிப்புக்கு எடுக்கலாம். அதற்கு கல்லூரி அட்மிஷன் சான்று, கட்டண ரசீது கேட்பார்கள். மீதி பணம் வட்டியோடு வளரும்.

இது மகளின் பணம். 18 வயதுக்கு பிறகு கணக்கை அவரே நடத்த வேண்டும். அம்மாவின் படிப்புக்கு என்று இதில் எடுக்க முடியாது. முதிர்ந்த பிறகு மகள் விரும்பி கொடுத்தால் உண்டு.

பி.பி.எப்.: அப்பா, அம்மா பெயரில் இருந்தால் அது அவர்கள் பணம். 15 ஆண்டு முடிந்ததும் முழுவதும் எடுக்கலாம். 7-வது ஆண்டில் இருந்து ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பகுதியை எடுக்கலாம். எதற்கு என்று காரணம் சொல்ல வேண்டாம். பிள்ளை பெயரில் திறந்த பி.பி.எப். என்றால் அது பிள்ளைக்குத்தான்.

போஸ்ட் ஆபீஸ் ஆர்.டி.: 5 ஆண்டு கணக்கு. மாதம் ரூ.500 வீதம் 60 மாதம் கட்டினால் அசல் மட்டும் ரூ.30 ஆயிரம். 3 ஆண்டுக்கு பிறகு பாதியில் முடிக்கலாம். ஆனால் சாதாரண சேமிப்பு கணக்கு வட்டிதான் கிடைக்கும். அவசரப்பட்டு உடைத்தால் நஷ்டம்.

அடுப்படி டப்பாவில் சேர்த்த சிறுவாடு பணத்துக்கு மட்டும் எந்த விதியும் கிடையாது!

எதை ஒதுக்கி வைக்க வேண்டும்?

மகளுக்கு இன்னும் செமஸ்டர் பாக்கி இருந்தால் அந்த கட்டணம். அரியர் இருந்தால் அதற்கான பரீட்சை பணம். டிகிரி சர்டிபிகேட் வாங்கும் செலவு. வேலை தேடி அலைய பஸ் காசு. இவற்றை முதலில் எடுத்து வைக்க வேண்டும்.

நகை அடமானத்தில் இருந்தால் அதை மீட்பது அடுத்த வேலை. வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். இதற்கெல்லாம் பிறகு கையில் நிற்பதுதான் உண்மையான மிச்சம். 10-ம் வகுப்பு எழுத பெரிய தொகை தேவையில்லை. பதிவு, தேர்வு கட்டணம் எல்லாம் சேர்த்து சில ஆயிரங்களில் முடிந்துவிடும்.

எங்கே படிப்பது?

எழுத படிக்க தெரியாதவர்கள்: இவர்கள் பணமே செலவழிக்க வேண்டாம். 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காக 2022-ல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவு திட்டம் இலவசம். தன்னார்வலர்கள் சொல்லித் தருகிறார்கள். பக்கத்தில் உள்ள அரசு பள்ளி தலைமை ஆசிரியரிடம் கேட்கலாம்.

10-ம் வகுப்பு, மாநில பாடத்திட்டம்: தனித்தேர்வராக எழுதலாம். தமிழ், ஆங்கிலம், கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என 5 பாடம். ஒவ்வொன்றிலும் 35 மார்க் எடுத்தால் பாஸ். அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். இதை தவறவிட்டு ஒரு வருஷத்தை இழப்பவர்கள் உண்டு. முன்பு எழுதி பெயிலானவர்கள், போன பாடத்தை மட்டும் எழுதினால் போதும்.

தேசிய திறந்தநிலை பள்ளி: 1989-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். 10-ம் வகுப்பை தமிழிலேயே எழுதலாம். ஒருமுறை சேர்ந்தால் 5 ஆண்டு அவகாசம். மொத்தம் 9 வாய்ப்பு. இந்த முறை இரண்டு பாடம், அடுத்த முறை இரண்டு பாடம் என்று எழுதலாம். வீட்டு வேலை, கம்பெனி வேலை பார்ப்பவர்களுக்கு இது வசதி.

டிகிரி: சென்னை சைதாப்பேட்டையில் உள்ள தமிழ்நாடு திறந்தநிலை பல்கலைக்கழகம் 2002-ல் தொடங்கியது. 1985-ல் வந்த இக்னோ, சென்னை பல்கலைக்கழக தொலைதூர கல்வி நிறுவனம் ஆகியவையும் உள்ளன. 10, பிளஸ்-2, டிகிரி என்ற வரிசையில் படிப்பது முக்கியம். நடுவில் ஒன்றை தாண்டி வாங்கும் பட்டம் அரசு வேலைக்கு செல்லாது.

ஆசைக்கு மட்டும் படிப்பவர்கள்: 2017-ல் மத்திய அரசு தொடங்கிய சுவயம் இணையத்தில் பாடங்களை இலவசமாக பார்க்கலாம். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் தேர்வு கட்டணம். வீட்டில் உட்கார்ந்து படிக்க இடம் இல்லையா? கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்த புத்தகம் கொண்டுவந்து படிக்க தனி இடமே உண்டு.

உஷார்!

"பரீட்சை எழுத வேண்டாம், பணம் மட்டும் கட்டு, ஒரே மாசத்துல சர்டிபிகேட்" என்று சொல்பவர்களிடம் சிக்கினால் பத்து வருஷ சேமிப்பு ஒரே நாளில் போகும். போலி சான்றிதழ் வைத்திருந்தால் வழக்கும் வரும். போலி பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி. வெளியிடுகிறது. தொலைதூர படிப்புக்கு எந்த பல்கலைக்கழகத்துக்கு அனுமதி உண்டு என்பதையும் அதில் பார்க்கலாம். புரோக்கர் இல்லாமல் நேரடியாக கட்டணம் கட்டி ரசீது வாங்குவதே நல்லது.

இன்னொரு சிக்கல் பெயர். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், இனிஷியலில் அப்பாவா, கணவரா என்ற குழப்பம். விண்ணப்பம் போடும் முன்பே பழைய டி.சி.யை தேடி எடுத்து, ஆதாரோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

96 வயதில் 98 மார்க்!

கேரள மாநிலம் ஆலப்புழையை சேர்ந்த கார்த்தியாயினி அம்மா 2018-ல் எழுத்தறிவு தேர்வு எழுதியபோது வயது 96. வாங்கிய மார்க் 100-க்கு 98. அவருக்கு 2020-ல் மத்திய அரசின் நாரி சக்தி விருது கிடைத்தது. 2023-ல் 101 வயதில் காலமானார்.

தமிழ்நாட்டுக்கும் இது புதிதல்ல. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடந்த அறிவொளி இயக்கத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். குவாரியிலும் வயலிலும் வேலை பார்த்த பெண்கள் அவர்கள். அப்போதும் ஊர் சிரித்தது. பிறகு அதே சைக்கிளில்தான் தண்ணீரும் கொண்டுவந்தார்கள், பிள்ளைகளை பள்ளிக்கும் கொண்டு விட்டார்கள்.

10-ம் வகுப்பு பாஸ் ஆனால் சம்பளம் கூடுமா? சிலருக்கு கூடலாம், பலருக்கு கூடாது. ஆனால் பேங்க் பாரத்தை அடுத்தவர் கையில் கொடுத்து நிற்க வேண்டாம். மருந்து சீட்டை படிக்க மகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கணக்கு பாடம் கஷ்டமாக இருந்தால் டியூஷன் தேட வேண்டியதில்லை. மிச்சம் பிடித்து படிக்க வைத்த ஆளே வீட்டில் இருக்கிறாள். "நீ எழுதும்மா, நான் சொல்லித் தர்றேன்" என்று அவள் சொன்னால் போதும், பாதி பரீட்சை பாஸ்!