பரண் மேலிருந்து – 17: வளையத்துக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து

சென்ற வாரம் பார்த்த பாக்கெட் கடிகாரம் சாதுவானது. மூடியைத் திறந்தால் எண், எண்ணுக்கு அட்டவணை, அட்டவணையில் ஆண்டு. ரிவால்வர் அத்தனை சுலபமாக வழிக்கு வராது. அதன் உடம்பில் ஏழெட்டு இடங்களில் எழுத்தும் எண்ணும் முத்திரையும் வெட்டியிருப்பார்கள். அவற்றில் பாதிக்கும், துப்பாக்கி பிறந்த ஆண்டுக்கும் சம்பந்தமே இருக்காது.

அமெரிக்க வீடுகளில் தாத்தாவின் இழுப்பறையிலிருந்து அடிக்கடி வெளிவரும் ஒரு ரகத்தை மட்டும் இந்த வாரம் எடுத்துக்கொள்வோம். மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஆலையில் செய்த .38 ரிவால்வர். கையில் எடுத்ததும் முதல் வேலை, உருளையைத் திறந்து ஆறு அறைகளும் காலியா என்று பார்ப்பது. திறக்கத் தெரியாதவர்கள் தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். தாத்தாக்கள் பெரும்பாலும் தோட்டாவோடுதான் வைத்துவிட்டுப் போவார்கள்.

குழலின் முதுகில் கம்பெனியின் பெயரும் ஊரும் இருக்கும். அதன் கீழே மூன்று தேதிகள்: 1906 பிப்ரவரி 6, 1909 செப்டம்பர் 14, 1914 டிசம்பர் 29. கடைசித் தேதியைப் படித்ததும் குடும்பத்தில் கதை உருவாகிவிடுகிறது. “கொள்ளுத்தாத்தா முதல் உலகப் போரில் பிரான்ஸுக்குக் கொண்டு போனது.” கொள்ளுத்தாத்தா பிரான்ஸுக்குப் போனது உண்மையாகவே இருக்கலாம். இந்தத் துப்பாக்கியும் போனது என்பதற்கு அந்தத் தேதி சாட்சி இல்லை.

அந்த மூன்றும் காப்புரிமை கிடைத்த நாட்கள். உள்ளே இருக்கும் ஏதோ ஒரு பாகத்துக்கு, ஏதோ ஒரு பூட்டுக்கு, அன்றைக்கு உரிமை பதிவானது என்பதற்கு மேல் அவற்றுக்குப் பொருள் கிடையாது. அக்காலத்தில் அமெரிக்கக் காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டுகள். 1914-ல் கிடைத்தது 1931-லேயே காலாவதி. அதன் பிறகும் ஆலைக்காரர்கள் பழைய வரியை விடாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆகவே இந்தத் தேதியிலிருந்து தெரிவது ஒன்றுதான்: துப்பாக்கி 1914-க்கு முற்பட்டது இல்லை. எவ்வளவு பிற்பட்டது என்று கேட்டால் குழல் வாயைத் திறக்காது.

கைப்பிடியின் அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே கயிறு கோக்கும் வளையம் ஒன்று இருக்கும். வளையத்துக்கு ஒரு பக்கம் ஓர் எண், மறுபக்கம் தனியாக ‘வி’ என்ற ஆங்கில எழுத்து. பலர் எண்ணை மட்டும் எழுதிக்கொண்டு எழுத்தை விட்டுவிடுகிறார்கள். தவறு அங்கேதான் நுழைகிறது. ‘வி’ என்றால் விக்டரி. இரண்டாம் உலகப் போரின் வெற்றியை முன்கூட்டியே பெயராக வைத்துக்கொண்ட ரகம் அது. இந்த நடுத்தர அளவு .38 வரிசையின் எண் 1942-ல் பத்து லட்சத்தைத் தொட்டதும், ‘வி’ சேர்த்து மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். போருக்குப் பின் ‘எஸ்’ மட்டும், 1948-லிருந்து ‘சி’, 1968 வாக்கில் ‘டி’. 45,000 என்ற எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தில்லாமல் நின்றால் 20-ஆம் நூற்றாண்டின் முதல் சில ஆண்டுகள். ‘வி’ இருந்தால் 1942. ‘சி’ இருந்தால் 1948. ‘டி’ இருந்தால் வியட்நாம் போர்க்காலம். ஓர் எழுத்தை விட்டதில் அறுபது ஆண்டுகள் போய்விடுகின்றன.

அதே ஆலையின் சிறிய .32-க்கும் பெரிய .44-க்கும் எண்வரிசையே வேறு. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முதலில் எண்ணைக் கேட்பதில்லை. எவ்வளவு பெரியது, நடுவில் மடிகிறதா அல்லது உருளை பக்கவாட்டில் வெளியே வருகிறதா, பக்கத்தில் எத்தனை திருகாணிகள் என்று கேட்பார்கள். திருகாணியும் தேதி சொல்லும். பழையவற்றில் ஐந்து இருக்கும். 1955 வாக்கில் பக்கத் தகட்டின் மேல் திருகாணியும், 1961 வாக்கில் விசைக் காப்புக்கு முன்னால் இருந்ததும் போய்விட்டன. உருளையைத் திறந்தால் அதன் கையை ஒட்டிய இடத்தில் இன்னோர் எண் தெரியும். அது ஆலைக்குள் பாகங்களைப் பொருத்தும்போது கலந்துவிடாமலிருக்கப் போட்டது. உருளையைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான் என்பதால், அதையே பிறப்பெண் என்று நம்பி அட்டவணையைப் புரட்டுபவர்கள் அநேகம். உண்மையான எண் கைப்பிடியின் அடியிலும், உருளையின் பின்முகத்திலும், குழலின் அடிப்பக்கத்திலும் இருக்கும். மூன்றும் ஒத்துப்போனால் பாகங்கள் மாறவில்லை.

‘வி’-க்கு முன்னால் ‘எஸ்’ஸும் சேர்ந்திருந்தால் அதற்கு ஒரு சாவு காரணம். 1944-ன் இறுதியில், கப்பலின் இரும்புத் தளத்தில் தவறி விழுந்த விக்டரி ரிவால்வர் வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார். கடற்படை கம்பெனியைப் பிடித்துக்கொண்டது. விசையை அழுத்தாமல் சுத்தியல் தோட்டாவைத் தொட முடியாதபடி ஒரு தடுப்பை அவசரமாக வடிவமைத்துப் பொருத்தினார்கள். அந்தத் தடுப்பு உள்ளே இருப்பதற்கான அடையாளம்தான் அந்த ‘எஸ்’. ஆண்டு கண்டுபிடிக்க உதவுவதோடு, எதைத் தவறவிடக் கூடாது என்றும் அது சொல்கிறது.

இனி பிரிட்டன். 1940-ஐ ஒட்டி, பிரிட்டன் இந்தக் கம்பெனியிடம் ஒரு சிறு ரைஃபிளுக்காகப் பத்து லட்சம் டாலர் முன்பணம் கொடுத்தது. ரைஃபிள் சோதனையில் தேறவில்லை, பணமோ செலவாகிவிட்டது. கடனை ரிவால்வராகத் தீர்க்க முடிவானது. அப்படித்தான் அமெரிக்க ஆலை பிரிட்டிஷ் தோட்டாவுக்கு ஐந்து அங்குலக் குழலோடு .38 செய்து அனுப்பியது. பிறகு, நேச நாடுகளுக்கு ஆயுதம் கொடுக்க அமெரிக்கா இயற்றிய கடன்-குத்தகைச் சட்டம் வந்தது, ரிவால்வர்கள் ‘அமெரிக்க அரசின் சொத்து’ என்ற முத்திரையோடும் போயின. போர் முடிந்து அவை சந்தைக்கு வந்தபோது, பிரிட்டிஷ் சட்டப்படி மறுபடி சோதிக்கப்பட்டு முத்திரை வாங்கின. ‘ஆங்கிலத் தயாரிப்பு அல்ல’ என்ற வாசகமோ, பர்மிங்காம் சோதனைச் சாலையின் கிரீடத்தோடு ‘பி.என்.பி.’ என்ற எழுத்துகளோ இருந்தால், பிரிட்டனில் கைமாறியது என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ‘.38 .767’ என்றும் இருக்கும். இந்தச் சின்ன எண்ணைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக மதிக்கிறேன். .767 அங்குலம் என்பது தோட்டா உறையின் நீளம்.

ஏன் முக்கியம் என்றால், அமெரிக்கக் கடைகளில் எளிதாகக் கிடைக்கும் .38 ஸ்பெஷல் தோட்டாவின் உறை 1.155 அங்குலம். பிரிட்டனிலிருந்து திரும்பிய துப்பாக்கிகளைச் சில வியாபாரிகள் அறையை நீளமாகக் குடைந்து ஸ்பெஷலுக்கு மாற்றி விற்றார்கள். பிரிட்டிஷ் உறை சற்றுப் பருமன். குடைந்த அறையின் பின்பகுதி அந்தப் பருமனுக்குச் செய்தது. ஸ்பெஷலை உள்ளே போட்டுச் சுட்டால் உறை புடைக்கும், சில நேரம் கிழியும். ‘.767’ என்று வெட்டிய ரிவால்வரில் ஸ்பெஷல் தோட்டா முழுசாக உள்ளே போகிறதென்றால், யாரோ கைவைத்திருக்கிறார்கள். சுடாமல் வைத்திருப்பதே உத்தமம்.

மெருகும் காட்டிக்கொடுக்கும். போர்க்காலத்து விக்டரி மங்கிய சாம்பல் நிறம், வழவழவென்ற வால்நட் கட்டைப் பிடி. ஒருவர் பளபளக்கும் நிக்கல் பூச்சோடு காட்டினால் அது பிற்காலத்து அலங்காரம். போருக்கு முந்தைய நிக்கல் ரகங்களிலும் ஆலை சுத்தியலுக்கும் விசைக்கும் நிக்கல் பூசுவதில்லை. அவையும் வெள்ளையாக மின்னினால் வெளியே பூசியது. வாரிசுகள் ஆர்வத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். துருவோடு முத்திரையும் போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் கிடைப்பது ஏறக்குறைய ஓர் ஆண்டு. நாள் வேண்டுமென்றால் ஸ்மித் அண்ட் வெஸன் வரலாற்று அறக்கட்டளைக்குக் கட்டணம் கட்டி எழுத வேண்டும். அவர்கள் தருவது ஆலையை விட்டு அனுப்பிய நாள். எண் வரிசைப்படி அனுப்பும் வழக்கம் அங்கே இருக்கவில்லை. முன்னே செய்தது பின்னே போயிருக்கும். எங்கே அனுப்பினார்கள் என்ற தகவலும் வரும், அது பெரும்பாலும் நாளைவிடச் சுவையாக இருக்கும்.

நம் ஊர் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் .38 தடை செய்யப்பட்ட ரகம். மத்திய அரசின் தனி அனுமதி வேண்டும். எந்த ரகமானாலும், உரிமம் வைத்திருந்தவர் காலமாகிவிட்டால் துப்பாக்கியை வீட்டில் வைத்துக்கொண்டு எண்ணை ஆராயக் கூடாது. தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்துவிட்டு, பிறகு தன் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒப்படைக்கும்போது வாங்கும் ரசீதில் எண்ணை முன்னெழுத்தோடு சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

(தொடரும்)